ஆறாவது பை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

கிளம்புகிற அன்று வாசலில் நின்று, "போன்ல பேசாத. பேசினா மழுப்புவ. எழுது, எழுத்துல மாட்டிப்ப" என்றாய். இந்தக் கூடாரத்தில் போன் எப்படியும் எடுக்காது. அதனால் எழுதுகிறேன். தபாலில் போட்டால் பத்து நாள் ஆகும் என்று பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி அனுப்புகிறேன். மீனுக்கு முன்னால் இது உன் கையில் படும்.

மைவால் கிடைத்துவிட்டது அக்கா. நாம் படத்தில் பார்த்ததேதான். உடம்பு கண்ணாடி, வாலில் மட்டும் ஒரு சொட்டு மை. இருப்பதிலேயே பெரியது என் கட்டைவிரல் நகம் அளவு. வரைபடத்தில் நீ பென்சிலால் வட்டம் போட்டாயே, அதே ஓடை, அதே வளைவு. உன் கணக்கு இம்மியும் தப்பவில்லை. முதல் மீனை வலையில் பார்த்ததும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை. இது நீ வருகிற இடமில்லை. தண்ணீர் கடுந்தேநீர் நிறம், அடியில் முழுக்க அழுகின இலை, கால் எங்கே பதியும் என்று தெரியாது. மார்பு வரை வருகிறது. பாம்பும் உண்டு. பெண்கள் இறங்குகிற ஓடையே இல்லை. அனுமதிச் சீட்டில் ஒருவர் பெயர்தான் போட முடியும் என்றபோது நான் என் பெயரைப் போட்டது உன்னை நினைத்துத்தான். அதை நீ இன்னும் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும்.

ஆறு பை, பைக்குப் பத்து மீன். ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். குட்டிகள் மூலையில் சிக்காமல் இருக்கப் பையின் ஓரங்களை மடித்து ஒட்டியிருக்கிறேன். படகு, லாரி, விமானம் எல்லாம் சேர்த்து ஐம்பது மணி நேரம் என்கிறார்கள்.

கடிதத்தோடு ஒரு வருகைப் படிவமும் இருக்கிறது. இங்குள்ள மீன்வள அலுவலகம் ஒவ்வொரு பெட்டிக்கும் கேட்கிறது. ஏழு நாள் கழித்து எத்தனை உயிரோடு, எத்தனை செத்தது, காரணம் என்ன, பெறுபவர் கையெழுத்து. ஒரு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த பருவத்துக்கு அனுமதி தருவார்கள். கணக்கு மோசமாக இருந்தால் நம் வீட்டு விலாசத்துக்கே இனிமேல் கிடையாது. அடுத்த முறை உன் பெயரில்தான் போடுவோம், சத்தியம். அதனால் நன்றாகப் பார்த்து இறக்கு.

உன் தம்பி


பிப்ரவரி 13

தம்பிக்கு,

"அன்புள்ள" என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.

ஐம்பத்தொன்று செத்துவிட்டது.

பதினொன்றாம் தேதி காலையில் பெட்டி வந்தது. மருந்தகத்துக்கு லீவு சொல்லிவிட்டு மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரமாக இலை ஊறவைத்துப் பதப்படுத்திய தொட்டி தயாராக இருந்தது. மூடியைத் திறந்தபோது அறுபதும் நீந்திக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து வாளியில் ஊற்றி, மெல்லிய குழாயை மாட்டி, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நாலு மணி நேரம். இருபது வருஷமாக நான் செய்கிற மாதிரியேதான். மூன்றாவது மணி நேரத்தில் மேலே வந்து வாயைப் பிளந்தன. அப்புறம் பம்பரம் போலச் சுற்றின. சாயங்காலத்துக்குள் ஐந்து வாளியும் முடிந்தது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எண்ணினேன். வாலில் இருந்த மை கூட வெளுத்துப்போயிருந்தது.

பிழைத்தது ஒன்பது. அதுவும் என் சாமர்த்தியம் இல்லை. ஆறாவது பையைத் தூக்கும்போது அடியில் ஒட்டு விட்டுப் பத்தும் நேராகத் தொட்டிக்குள் விழுந்துவிட்டன. பிடித்து வாளிக்கு மாற்றலாம் என்று வலையோடு அரை மணி நேரம் அலைந்தேன், இலைக்குள் போய் ஒளிந்துகொண்டன. அதில் ஒன்றுதான் செத்தது.

இப்போது எனக்குப் பதில் சொல். கட்டுவதற்கு முன்னால் மீனுக்குத் தீனி போட்டாயா இல்லையா? வயிற்றில் இரை இருந்தால் பையில் கழிந்து தண்ணீரே விஷமாகும் என்று உனக்கு நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். நீ போட்டிருப்பாய். பட்டினி கிடக்கிறதே பாவம் என்று ஒரு சிட்டிகை தூவியிருப்பாய். உன் இளகின மனசு எனக்குத் தெரியாதா. ஆறாவது பையை மட்டும் யார் கட்டினார்கள்? அந்தப் புண்ணியவானையே மற்றதையும் கட்டச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் அந்தச் சீட்டு. இரண்டு வருஷம் அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியது நான். பதினாலு கடிதம். பழைய புத்தகங்களைப் புரட்டி எந்த ஓடை என்று கண்டுபிடித்தது நான். படிவத்தை நிரப்பித் தபாலில் சேர்க்கும் வேலையை மட்டும் உன்னிடம் கொடுத்தேன், அன்றைக்கு மருந்தகத்தில் சரக்கு எண்ணுகிற நாள் என்பதால். நீ பெயர் போடுகிற இடத்தில் உன் பெயரைப் போட்டாய். கேட்டால் என்னை நினைத்துத்தான் என்கிறாய். என்னை நினைத்தால் என் பெயரல்லவா ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை என் பெயராம், சத்தியமாம். அதற்குள் உன் மார்பளவுத் தண்ணீர் வடிந்துவிடுமா? பாம்பெல்லாம் வீட்டைக் காலி செய்துவிடுமா? யார் காதில் பூ சுற்றுகிறாய்?

படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "அனுப்புபவரின் கவனக்குறைவு" என்று எழுதப்போகிறேன். உன் பதிலுக்காக மட்டும் நிறுத்திவைத்திருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

நானும் "அன்புள்ள" போடவில்லை. சரிக்குச் சரி.

உன் கடிதத்தைப் படகில் உட்கார்ந்து படித்தேன். மூன்று வாரமாக ஈரச் சட்டையோடு கிடக்கிறேன். கால் விரலிடுக்கெல்லாம் புண். ஒரு வார்த்தை எப்படி இருக்கிறாய் என்று கேட்டாயா? எடுத்த எடுப்பில் கொலைகாரன் ஆக்கிவிட்டாய்.

தீனி போடவில்லை. இரண்டு நாள் முழுப் பட்டினி. போடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது உண்மை. போடவில்லை. ஆறு பையையும் நான்தான் கட்டினேன். ஒரே தொட்டித் தண்ணீர், ஒரே சிலிண்டர், ஒரே கை, ஒரே மதியம். ஆறாவதைக் கட்ட எந்தப் புண்ணியவானும் வரவில்லை. சொல்லப்போனால் அதுதான் கடைசியில் அவசரமாகக் கட்டியது, அதனால்தான் ஒட்டு விட்டிருக்கும். இப்போது நீ பதில் சொல். அவசரத்தில் கட்டிய பை பிழைத்து, பார்த்துப் பார்த்துக் கட்டியது எப்படிச் செத்தது?

வலைக்காரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். முப்பது வருஷமாக இந்த ஓடையில் வலை போட்டு ஏற்றுமதிக்காரர்களுக்கு மீன் கொடுக்கிறவர். நீ என்ன செய்தாய் என்று கேட்டார். சொட்டு விட்டதைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "பைய தொறந்துட்டு அந்தத் தண்ணியிலயே நாலு மணி நேரம் வச்சிருந்தாங்களா? மூடி இருக்கிற வரைக்கும்தான் அது தண்ணி. தொறந்தா உடனே மாத்திரணும்" என்றார். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தூரத்துப் பையை அப்படித்தான் இறக்குவார்களாம்.

மீன் வளர்க்கிற கூட்டத்தில் எல்லாரும் உன்னைச் சொட்டக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். உள்ளூர்க் கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வருகிற மீனுக்கு அது சரி. ஐம்பது மணி நேரம் மூச்சடைத்து வந்த மீனுக்கும் அதுவேதான் என்று உனக்கு யார் சொன்னது? நான் சொன்னால் ஏ.சி. மெக்கானிக்குக்கு என்ன தெரியும் என்பாய்.

சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். படிவத்தை மட்டும் கெடுத்துவிடாதே. நகரத்தில் ஓர் ஏற்றுமதிக்காரரைக் கேட்டேன். எல்லாரும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல்தான் போடுவார்களாம். ஐம்பத்தைந்து உயிரோடு என்று எழுது. யார் கடல் தாண்டி வந்து உன் தொட்டியை எண்ணப்போகிறார்கள்? உன் பெயரில் சீட்டு வேண்டுமென்றால் இதைச் செய். எனக்காகக் கேட்கவில்லை.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

வரிசையாக வருகிறேன்.

ஒன்று. பெண்கள் இறங்குகிற ஓடையே இல்லை என்று எழுதினாய். அந்த ஓடையில் முப்பது வருஷமாக வலை போடுவது ஓர் அம்மாள் என்று இப்போது எழுதுகிறாய். இரண்டையும் நீயேதான் எழுதினாய், இரண்டு கடிதமும் என் முன்னால் இருக்கிறது. அவர் என்ன பறந்துகொண்டே வலை போடுகிறாரா? இதற்குத்தான் எழுது என்றேன்.

இரண்டு. ஐம்பத்தைந்து என்று எழுத மாட்டேன். மருந்தகத்தில் ஒரு மாத்திரை குறைந்தால் ஒன்று குறைகிறது என்று எழுதுகிறவள் நான். செத்த ஐம்பத்தொன்றையும் கையில் எடுத்து எண்ணியிருக்கிறேன். அதில் நாற்பத்தாறை உயிரோடு எழுப்பச் சொல்கிறாய். எனக்குச் சீட்டு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று உனக்கே தெரியும், தெரிந்துதானே அதை ஆட்டிக் காட்டுகிறாய். ஆனால் பொய் எழுதி வாங்கிய சீட்டோடு அந்தத் தண்ணீரில் நான் எந்த முகத்தோடு நிற்பது?

மூன்று. உன் காலில் புண் என்று படித்தேன். உன் மருந்துப் பையில் நான் வைத்த பச்சைக் குழாய்க் களிம்பை ராத்திரி காலைத் துடைத்துவிட்டுப் போடு. இதற்கும் மேலே சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை.

நாலு. என் சொட்டு. யாரோ ஒருவர் தலையில் கை வைத்தார் என்பதற்காக இருபது வருஷத்தை நான் தூக்கிப் போட முடியாது. ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லையாமே. ஏன் என்று தெரியாத எதையும் நான் யார் வாயிலும் ஊற்றியதில்லை. நீ என் பேரில் பழி போடுகிறாய், அந்த அம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாய்.

அதனால் நிரூபிக்கப்போகிறேன். மேல்தட்டில் பெருத்துக் கிடக்கிற கப்பி மீன்களில் பத்தை இரண்டு நாள் பட்டினி போட்டு, நீ கட்டின மாதிரியே நேற்று முன்தினம் பையில் கட்டி, உன் பெட்டியிலேயே வைத்து மூடியிருக்கிறேன். இன்று சாயங்காலத்தோடு ஐம்பது மணி நேரம் முடிகிறது. திறந்து, சொட்டு விட்டு, கால் மணிக்கு ஒருமுறை சோதனைத் திரவம் போட்டுத் தண்ணீரைப் பார்க்கப்போகிறேன். பத்தும் பிழைக்கும். அந்தக் கணக்கை உனக்கும் உன் வலைக்காரம்மாவுக்கும் சேர்த்து அனுப்புகிறேன்.

அக்கா


மார்ச் 9

தம்பிக்கு,

போன கடிதம் உனக்கு வந்து சேர்வதற்குள் இதுவும் வந்துவிடும் என்று நினைக்கிறேன். இரண்டையும் ஒன்றாகப் படி.

பையைத் திறந்த உடனே சோதித்தேன். தண்ணீர் நன்றாகப் புளித்திருந்தது. மீன் விட்ட மூச்சு பைக்குள்ளேயே தங்கினால் அப்படித்தான் ஆகும். கழிவும் ஏராளம். ஆனால் புளித்த தண்ணீரில் அந்தக் கழிவு பல் பிடுங்கின பாம்பு மாதிரி சும்மா கிடக்கிறது. மீனை ஒன்றும் செய்யவில்லை. பத்தும் நன்றாகத்தான் இருந்தன.

சொட்டு விட ஆரம்பித்தேன். பையில் அடைபட்டிருந்த காற்று வெளியே போனது, என் தொட்டித் தண்ணீர் உள்ளே போனது. கால் மணிக்குக் கால் மணி புளிப்பு இறங்கியது. புளிப்பு இறங்க இறங்க அதே கழிவு விஷமாக மாறியது. கண் முன்னால் சோதனைக் குழாயில் நிறம் ஏறியது. இரண்டாவது மணி நேரத்தில் முதல் கப்பி மேலே வந்து வாயைப் பிளந்தது. நான் நாலு மணி நேரம் காத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் வலையில் அள்ளித் தொட்டியில் போட்டேன். இரண்டு செத்துவிட்டது.

ஐம்பது மைவாலைக் கொன்றது நான்தான். மெதுவாக, பொறுமையாக, நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கொன்றிருக்கிறேன். ஆறாவது பை என் கையிலிருந்து தப்பியதால்தான் பிழைத்தது. அதையும் திரும்பப் பிடிக்க வலையோடு அலைந்தேன். மருந்துக்கடையில் இருந்துகொண்டு இது எனக்குத் தோன்றவில்லை. சொட்டக்கா என்று கூப்பிடும்போதெல்லாம் பெருமையாக வேறு இருந்தது.

படிவத்தை நிரப்பி அலுவலகத்துக்கு நேராக விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். வந்தது அறுபது. உயிரோடு ஒன்பது. காரணம்: பெறுபவரின் தவறான முறை. எப்படித் தவறு என்று சோதனை எண்களோடு ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அனுப்புபவரின் மேல் குற்றம் இல்லை என்றும் எழுதினேன். இனி அவர்கள் எனக்குச் சீட்டுத் தர மாட்டார்கள். தெரிந்துதான் எழுதினேன்.

இதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மீன் விஷயத்தில் தப்பு என்னுடையது. பெயர் விஷயத்தில் தப்பு உன்னுடையது. இரண்டையும் கலந்து கரைத்துவிடப் பார்க்காதே.

அந்த அம்மாளிடம் சொல், ஏன் என்று இப்போது தெரிந்துவிட்டது என்று.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்கா,

இரண்டாவது பெட்டி இது. எழுபது மீன், ஏழு பை. கடிதம் அதே இடத்தில்.

முந்தாநாள் அலுவலகத்திலிருந்து படகில் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். சீட்டைப் பிடுங்கப்போகிறார்கள் என்று நினைத்து மூட்டையைக் கட்டிக்கொண்டே போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா. உன் படிவம் அவர் கையில். இங்கே வருகிற படிவங்களில் மீனே சாவதில்லை என்றார். பதினோரு வருஷமாகத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்றுதான் பார்க்கிறாராம். ஒன்பது என்ற எண்ணைப் பார்த்ததும் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாராம். பிறகு நீ எழுதிய பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டு, அதை நகல் எடுத்து எல்லாப் பெட்டியோடும் அனுப்ப அனுமதி உண்டா என்று கேட்கச் சொன்னார்.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். கோப்பைப் புரட்டினார். உன் பதினாலு கடிதமும் அதில் இருந்தது. அந்தக் கையெழுத்தையும் படிவத்துக் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என் விண்ணப்பத்தை எடுத்து, "எழுதினதெல்லாம் இவங்க. வந்தது நீங்க. இவங்க ஏன் வரல?" என்று கேட்டார்.

ஆழம், பாம்பு என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா உன் கடிதங்களை ஒவ்வொன்றாக என் பக்கம் திருப்பி வைத்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

உனக்கும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் பெயர் எழுதிய அன்று எனக்கு ஆழமும் தெரியாது, பாம்பும் தெரியாது. எனக்குப் போக ஆசையாக இருந்தது. அவ்வளவுதான். வீட்டில் எல்லாவற்றுக்கும் நீ மூளை, நான் கை. பம்பைக் கழற்று, குழாயை மாட்டு, தொட்டியைத் தூக்கு. எது என்ன மீன் என்று நீ சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். ஒரு தடவையாவது நான் முதலில் பார்த்து உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. உன்னிடம் கேட்கப் பயந்தேன். கேட்காமல் எடுத்துக்கொண்டேன். பிறகு அதற்குக் காரணம் தேடினேன். மார்பு வரை என்று எழுதியது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். மழை வந்தால் அவ்வளவு வரும் என்று சொல்கிறார்கள்.

அடுத்த பருவத்துக்கான விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. அந்த அம்மாவே கொடுத்தார். பெயர் எழுதுகிற இடத்தை நான் தொடவில்லை.

களிம்பு வேலை செய்கிறது.

தம்பி


மார்ச் 24

தம்பி,

எழுபதில் அறுபத்தெட்டு உயிரோடு. திறந்தேன், வலையில் அள்ளினேன், தொட்டியில் விட்டேன். ஒரு பைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சொட்டுக் குழாயைக் கழற்றிவிட்டேன், ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆசைப்பட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் நானே உனக்குப் பெட்டி கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். எனக்கும் சேர்த்து நீயே பயந்தாயே, என்னைக் காப்பாற்றுகிற மாதிரி என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாயே, அதுதான் ஆறவில்லை. ஒன்றரை மாதமாக, நிஜமாகவே என்னால் அங்கே நிற்க முடியாதோ என்று நானே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன்.

விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன். தபாலில் நானே போய்ச் சேர்த்தேன்.

அக்கா


நவம்பர் 17

தம்பிக்கு,

பெட்டி மூடியில் கடிதம் ஒட்டுவது எவ்வளவு சிரமம் என்று இப்போதுதான் தெரிகிறது. ஈரக் கையில் டேப் நிற்கவே மாட்டேன் என்கிறது.

முதலில் வேலை. ஏழு பை, எழுபது மீன், இரண்டு நாள் பட்டினி. திறந்த உடனே மாற்று. யாராவது வந்து கொஞ்சம் சொட்டு விட்டுப் பார்க்கலாமே என்றால் மாடியிலிருந்து கீழே அனுப்பு. படிவத்தை ஏழாம் நாள் நிரப்பு. எண்ணி எழுது, உள்ளதை எழுது.

இப்போது மற்றது.

நேற்றுக் காலை வலைக்காரம்மாவோடு ஓடைக்குப் போனேன். கரையைவிட்டு உடனே இறங்கவில்லை. உன் மார்பளவுத் தண்ணீர் அப்படி மனதில் ஊறியிருந்தது. தண்ணீர் புகாத கால்சட்டையை இடுப்புக்கு மேலே ஏற்றி, கயிற்றால் கட்டி, இன்னொரு கயிற்றை மரத்தில் கட்டி அதையும் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் என் கயிறுகளைப் பார்த்தார். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, தன் பாட்டுக்கு உள்ளே நடந்து, நடு ஓடையில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் இறங்கினேன்.

தம்பி, மழை முடிந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. இதுதான் இந்த ஓடையில் தண்ணீர் அதிகமாக இருக்கிற காலமாம். அதற்கே இவ்வளவுதானா என்று நான் கேட்டேன். அவர் சிரித்து, நீ இதே இடத்தில் மூன்று முறை வழுக்கி விழுந்தாய் என்றும், விழுந்தபோது உட்கார்ந்த நிலையில் மார்பு வரை நனைந்தது நிஜம்தான் என்றும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கயிற்றை அவிழ்த்துக் கரையில் எறிந்தேன். அப்படியே நின்று அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், வேறு ஒன்றும் இல்லை.

அசையாமல் நின்றதால் மீன்கள் வந்தன. இலைக்கு அடியிலிருந்து ஒன்று, அப்புறம் நாலைந்து, அப்புறம் எண்ண முடியவில்லை. கால் விரலைக் கடித்துப் பார்த்தன. வெளிச்சம் விழும்போது உடம்பே தெரியவில்லை, மைப்புள்ளிகள் மட்டும் என் காலைச் சுற்றி வந்தன. தொட்டியில் அவை இப்படி நீந்தி நான் பார்த்ததில்லை. நீ இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஆழத்தைப் பற்றி எழுதத்தான் உனக்குத் தாள் இருந்தது.

இத்துடன் ஒரு நூல் வைத்திருக்கிறேன். பை கட்டுகிற நூல்தான். ஓடையில் ஐந்து இடத்தில் குச்சி ஊன்றி அளந்தேன். அதில் மிக ஆழமான இடத்தின் அளவு இது. வளைவில், பெரிய பாறைக்குப் பக்கத்தில். நீ விழுந்த இடம் என்று அவர் காட்டினார். வெறும் தரையில் நின்று உன் காலில் வைத்துப் பார். எது வரைக்கும் வருகிறது என்று எனக்கு எழுது.

அக்கா


நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டி பத்தொன்பதாம் தேதி வந்தது. எழுபதும் உயிரோடு வந்தன. திறந்த உடனே மாற்றினேன். ஐந்தாவது பையை அள்ளும்போது ஒன்று வலையிலிருந்து துள்ளித் தரையில் விழுந்து தொட்டி மேடைக்கு அடியில் போய்விட்டது. விளக்கை அடித்துத் தேடி எடுப்பதற்குள் செத்துவிட்டது. மற்ற அறுபத்தொன்பதும் நேற்று வரை நன்றாக இருக்கின்றன. இரண்டு ஜோடி இலைக்கு அடியில் முட்டை போடுகிற மாதிரி சுற்றுகின்றன. நீ வந்து பார்த்தால்தான் தெரியும்.

படிவத்தை நேற்று நிரப்பினேன். எழுபது என்றே எழுதிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியதை மறைக்கவில்லை. அறுபத்தொன்பது என்று எழுதினேன். காரணம்: பெறுபவரின் கைத்தவறு. அனுப்புபவர் என்ற இடத்தில் உன் பெயர், பெறுபவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. நானே போய்த் தபாலில் சேர்த்தேன்.

சொட்டுக் குழாய் தொங்கிய ஆணியில் உன் நூலை மாட்டியிருக்கிறேன். மாட்டுவதற்கு முன்னால் நீ சொன்ன மாதிரி வெறுங்காலோடு நின்று வைத்துப் பார்த்தேன். முழங்காலுக்கு நாலு விரல் கீழே நிற்கிறது.

அங்கே முதல் நாள் இறங்கியபோதே எனக்கு அது தெரியும் அக்கா.

தம்பி